தனியாக வந்த படகு

கோட்டைக்குப்பம்
20 ஜனவரி 2025

தம்பி தமிழ்வேந்தனுக்கு, அண்ணி ஜமுனா எழுதுவது.

உங்கள் அண்ணன் படகை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்ததா?

பயப்பட வேண்டாம், எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் உங்கள் ஆபீஸ் ஆட்கள் வந்து ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்தார்கள். கிழிந்த வலை, ஓட்டை விழுந்த ஃபைபர் படகு, எதுவாக இருந்தாலும் கொடுங்கள், பழைய பொருளை வைத்தே நாங்கள் கட்டுகிற மீள்நகருக்கு வேண்டும் என்று போட்டிருந்தது. ஊர்த் தலைவர் அங்கமுத்து மாமா கோயில் வாசலில் நின்று உரக்கப் படித்தார். "மீள்நகரில் எதுவும் குப்பை இல்லை. உலகத்தில் எதுவும் எங்கேயும் போய்விடுவதில்லை. ஒன்று இன்னொன்றாகத் திரும்பி வருகிறது." அடியில் உங்கள் பெயரும் உத்தியோகமும். மாமாவுக்கு ஒரே பெருமை. "பார்த்தியா ஜமுனா, நம்ம ஆதிநாராயணன் தம்பி இன்னாமா எழுதிக்கிறான்!" என்றார்.

நானும் பார்த்தேன். எதுவும் போய்விடுவதில்லை என்றால் என் புருஷன் எங்கே தம்பி?

தனியாக வந்த படகுக்கு நம் ஊர் முறை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாமல் முகத்துவாரத்திலிருந்து மிதந்து வந்த படகைக் கவிழ்த்துப் போடுவார்கள். அதில் யாரும் உட்கார மாட்டார்கள், அதன்மேல் ஒரு கருவாடு காய வைக்க மாட்டார்கள். அன்றைக்குக் காலையில் அந்தப் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டவர் எவரோ அவரே வந்து, படகின் மூக்கில் கை வைத்து, 'போ' என்று சொல்ல வேண்டும். நாம் யாருக்கும் 'போ' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வா' என்றுதான் சொல்வோம். அந்த ஒருமுறை மட்டும் 'வா' கிடையாது. சொல்லிவிட்டால் போனவர் போய்விடுவார், இருக்கிறவர்கள் இருக்கலாம்.

உங்கள் அண்ணன் கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்கு நான் பொன்னேரியில் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். லீவில் வந்திருந்த நீங்கள்தான் தொடையளவு தண்ணீரில் இறங்கித் தள்ளிவிட்டீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் கரைப்பக்கமே வரவில்லையே.

நீங்கள் படகிடம் வரவில்லை. அதனால் படகை உங்களிடம் அனுப்பியிருக்கிறேன். போனில் சொன்னால் "மீட்டிங் அண்ணி" என்று வைத்துவிடுவீர்கள். கடுதாசியை வைக்க முடியாது.

ஜமுனா

*

சென்னை
1 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே படகு வந்துவிட்டது. படகு வந்தது எனக்குத் தெரியாது. எங்கள் பொருள் கிடங்குக்குள் வருகிற எதையும் அங்கே இருப்பவர்கள் பார்த்து, தட்டி, தரம் பிரித்து, மறுநாளே வெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில தெருக்களில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், திறப்பு விழாவும் நெருங்குகிறது, அதனால் எல்லாம் அவசரம். கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது தரையில் பச்சைத் தூள்தான் இருந்தது. அண்ணன் அடித்த அந்தப் பச்சைப் பெயின்டின் தூள்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்? ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் லாரியையே நிறுத்தியிருப்பேனே.

எங்கே போனது என்று கேட்பீர்கள். அடிப்பாகம் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரையாகிவிட்டது. பக்கப் பலகைகள் குடிநீர்க் குழாய் அருகே பெஞ்சாகிவிட்டன. மூக்குப் பகுதி குழந்தைகள் பூங்காவில் சாய்ந்து உட்காரும் இருக்கையாக இருக்கிறது. எங்கள் பகுதியில் எதையும் ஒட்டுவதில்லை, திருகாணிதான். நாளைக்குக் கழற்றி வேறொன்றாக மாற்ற வசதியாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. ஒவ்வொரு துண்டின் மேலும் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வில்லை பொருத்துகிறோம். கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். "கோட்டைக்குப்பம், ஃபைபர் படகு" என்று இருந்தது. மூன்று சொல். அவ்வளவுதான் அண்ணன்.

மற்றதற்குப் பதில் சொல்கிறேன். நான் சொல்லமாட்டேன் அண்ணி. படகு வந்தது, ஆள் வரவில்லை. ஆள் வரவில்லை என்பதற்கு ஆள் இல்லை என்று பொருளா? காற்று தள்ளி ஆந்திரப் பக்கம் ஒதுங்கியவர்கள் உண்டு. நினைவு தப்பி எங்கோ இருந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அன்று காலை நான் "போயிட்டு வாண்ணா" என்று சொல்லித்தான் தள்ளிவிட்டேன். 'வா' என்று சொல்லி அனுப்பியவன் நான். என் வாயால் அதை எப்படித் திரும்பப் பெறுவது? அவர் வழியில் இருந்தால்?

தமிழ்வேந்தன்

*

கோட்டைக்குப்பம்
11 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

வெட்டினபோது ஏதாவது சத்தம் கேட்டதா என்று அந்த ஆட்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். இங்கே கவிழ்த்துக் கிடந்தபோது அதற்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வரும். உங்கள் அண்ணன் கடலுக்குப் போகுமுன் விரல் முட்டியால் படகைத் தட்டுவாரே, அதே மாதிரி. நண்டு உள்ளே புகுந்திருக்கும் என்று பக்கத்து வீட்டு முத்தம்மாள் சொல்வாள். நண்டுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

படகு போன பிறகு கரையில் அது கிடந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரிகிறது. பிள்ளைகள் இன்னமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

உங்கள் ஆந்திரக் கதைக்கு வருகிறேன். ஆந்திரப் பக்கம் தேடாத கரை இல்லை. அங்கமுத்து மாமாவும் அவர் பிள்ளைகளும் போய்க் கேட்காத ஊர் இல்லை. உங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் எழுதுகிறீர்கள்.

என் நிலைமையைச் சொல்கிறேன், காது கொடுத்துக் கேளுங்கள். முகத்துவாரத்துக்கு உள்பக்கம் ஏரியில் எறா நன்றாக விழுகிற இடங்களைப் பாடு பிரித்து, சீட்டுப் போட்டு, வீட்டுக்கு ஒரு முறை என்று கொடுப்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த முறை உயிரோடு இருக்கிற ஆம்பளை பேரில் வரும். இல்லையென்றால் தாலி அறுத்தவள் பேரில் வரும், அவள் பங்குக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். காத்துக்கொண்டிருக்கிறவளுக்கு முறை இல்லை. பெண்டாட்டி இருக்கிறாள், புருஷன் இல்லை, விதவையும் இல்லை. நான் இன்னா ஜாதி தம்பி?

இத்தனை நாள் மாமா எனக்காக உங்கள் அண்ணன் பேரை எடுக்காமல் வைத்திருந்தார். மற்ற வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். சித்திரை பிறக்கும் முன்னால் புதுச் சீட்டு. அதற்குள் 'போ' சொல்லவில்லையென்றால் வீட்டின் பேரே போய்விடும். அப்புறம் எப்போதும் வராது. இப்போது நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி எறா பிடிக்கிறேன். விரலெல்லாம் கீறல். வலை வைத்திருந்த வீட்டுக்காரி கையால் தடவுகிறாள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு வெட்கம் இல்லை, குளிர்தான்.

சர்க்காருக்கு ஏழு வருஷம் ஆகணுமாம். ஊருக்கு ஒரு வார்த்தை போதும். அதுவும் உங்களிடம் இருக்கிறது.

ஜமுனா

*

சென்னை
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணி,

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். மீள்நகரில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது குடியிருக்கிறார்களா? யாரிடமாவது ஏதாவது சொல்லி அனுப்பினீர்களா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். குழாயடி பெஞ்சு எப்போதும் ஈரமாக இருக்கிறது. காவலாளி தருமலிங்கம் துணியால் துடைக்கிறார், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஈரம். "விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தேன் சார், உப்புக் கரிக்குது" என்றார். நான் அவருக்கு விளக்கம் சொன்னேன். பல வருடம் கடலில் கிடந்த ஃபைபர் உப்பை இழுத்து வைத்திருக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அதில் மர்மம் ஒன்றுமில்லை. பேருந்து நிறுத்தக் கூரை தட்டுகிற மாதிரி சத்தம் போடுகிறது என்றார்கள். வெயிலில் விரிந்து நிழலில் சுருங்குகிறது, திருகாணி நெறிபடுகிறது. அதற்கும் விளக்கம் இருக்கிறது.

மூன்றாவதற்கு இல்லை.

அக்தர் பேகம் என்று ஒரு அம்மா. தினமும் அந்த நிறுத்தத்தில் நின்று தையல் வேலைக்குப் போகிறவர். நேற்று என் அறைக்கே வந்துவிட்டார். நிறுத்தத்தில் யாரும் இல்லையாம், பட்டப்பகலாம். பக்கத்தில் யாரோ கேட்டார்களாம்: "காத்து இன்னா சொல்லுது?" திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. "கிண்டல் பண்ற குரல் இல்ல தம்பி, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. நானும் வாடைக்காத்துனு சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே பயந்து என்னைப் பார்த்தார்.

அண்ணி, அப்படிக் கேட்பவர் ஒருவர்தான். காலையில் எழுந்ததும் பல் துலக்குமுன், நீங்கள் டீ கொடுக்குமுன், வாசலில் போகிற யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார். அந்தம்மாளுக்கு அது எப்படித் தெரியும்?

நீங்கள் ஆள் வைத்துச் செய்திருந்தால் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். செய்திருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருக்கிறது.

தமிழ்வேந்தன்

*

கோட்டைக்குப்பம்
6 மார்ச் 2025

தம்பிக்கு,

ஆள் வைத்து உங்களைப் பயமுறுத்த நான் என்ன மந்திரவாதியா? உங்கள் கடுதாசியைப் படித்த பிறகு இரண்டு நாள் ஏரிக்குப் போகவில்லை. சோறும் இறங்கவில்லை.

இங்கே என் காதில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் விழுந்தது. பேச்சு வந்ததே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நான் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை கேட்டிருக்கிறேன் தெரியுமா? குளிருதா, பசிக்குதா, எங்க இருக்கீங்க, ஏதாவது சொல்லுங்க. ஒரு வார்த்தை வரவில்லை. முன்பின் தெரியாத தையல்காரம்மாவிடம் போய்க் காற்றைப் பற்றி விசாரிப்பாராம். என்னிடம் வாய் திறக்க மாட்டாராம். நல்லா இருக்குது நியாயம்.

அந்தம்மாவிடம் சொல்லுங்கள், இன்னொரு முறை கேட்டால் என் பேரைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜமுனா

*

சென்னை
19 மார்ச் 2025

அண்ணி,

அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கூரையைக் கழற்றிவிட்டேன். பெஞ்சுகளையும் பூங்கா இருக்கையையும் எடுத்துவிட்டேன். திருகாணிதானே, வேலை சுலபம். பராமரிப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சின்னத் துண்டு தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போயிருந்தது, அதையும் தேடி எடுத்தேன். எல்லாம் கிடங்கின் கொட்டகையில் இருக்கிறது. வெட்டிய ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. துண்டு துண்டாகக் கிடந்தால் அவர் எங்கே வந்து உட்காருவார், சொல்லுங்கள். வருகிறவருக்கு ஓர் இடம் வேண்டாமா?

நானும் கேட்டேன் அண்ணி. மூக்குப் பகுதியைப் பொருத்திய அன்று சாயங்காலம். எனக்குப் பின்னாலிருந்து. அதே கேள்வி. நான் திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. "காத்து நல்லாத்தாண்ணா இருக்கு" என்று சொன்னேன். அன்றைக்குக் காலையிலும் அவரிடம் அதைத்தான் சொன்னேன். அன்று காற்று நன்றாகத்தான் இருந்தது. கரையிலிருந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மதியம்தானே திரும்பியது.

இப்போது வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய் உட்காருகிறேன். மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். பாடு விஷயம் எனக்குப் புரிகிறது. என் சம்பளத்தில் மாதாமாதம் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன், நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம். 'போ' மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். இவ்வளவு தூரம் வந்தவரை எப்படி அண்ணி?

தமிழ்

*

கோட்டைக்குப்பம்
31 மார்ச் 2025

தம்பிக்கு,

சனிக்கிழமை நான் உங்கள் மீள்நகருக்கு வந்தேன். சொல்லாமல்தான் வந்தேன். நீங்கள் ஏதோ கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று.

முதலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தேன். நான்கு கம்பம் மொட்டையாக நிற்கிறது. அதன் கீழே பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அக்தர் பேகம். அவராகவே பேரைச் சொன்னார். "பதினைஞ்சு நாளா இப்படித்தான் வேகுறோம்மா. கூரை இருந்துச்சு, யாரோ ஆபீசர் கழட்டிக்கினு போயிட்டாரு" என்றார். அந்த ஆபீசர் என் கொழுந்தன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எத்தனை வருஷப் படிப்பு தம்பி உங்களுக்கு! ஒன்று இன்னொன்றுக்கு உதவணும் என்று நோட்டீஸ் அடித்தவர், இருக்கிறவர்கள் தலைக்கு மேலிருந்த நிழலைப் பிடுங்கி இல்லாதவருக்குக் கட்டில் போட்டிருக்கிறீர்கள்.

பிறகு கொட்டகைக்குப் போனேன். ஆதிநாராயணன் சம்சாரம் என்றதும் தருமலிங்கம் கதவைத் திறந்துவிட்டார். படகைப் பார்த்தேன். நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற அழகைப் பார்த்தேன். தையல் போட்ட பிணம் போல இருக்கிறது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அப்படித்தான் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்று இருந்தும் உட்கார்ந்திருந்தேன். என் பேரைச் சொன்னேன். உங்கள் ஜமுனா வந்திருக்கிறேன் என்றேன். கொண்டல் காத்து வீசுகிறது என்று நானே சொன்னேன். தட்டிக்கூடப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை தம்பி. ஒன்றுமே இல்லை. எனக்கு அவர் வரவில்லை. இத்தனை நாளும் எனக்காக வரவில்லை என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. வயிறு எரிந்தது. நான் தாலி கட்டிக்கொண்டவள், அவருக்குச் சமைத்துப் போட்டவள்.

உங்களுக்குத்தான் வருகிறார். ஏன் என்றால் 'வா' என்று கடைசியாகச் சொன்னது நீங்கள். அண்ணன் உங்கள் பேச்சைத் தட்டாதவர். படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்பார். வரச் சொன்னீர்கள், வர முடியாத இடத்திலிருந்து வந்து வந்து நிற்கிறார். காற்று எப்படி என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? கிளம்பலாமா என்று கேட்கிறார் தம்பி. வேறென்ன? கிளம்புகிறவர்தானே காற்றைக் கேட்பார். நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் பணம் வேண்டாம். எனக்கு முறை வேண்டும். என் பேரில், என் வீட்டுக்கு. சீட்டு ஏப்ரல் பத்தாம் தேதி.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

ஜமுனா

*

சென்னை
7 ஏப்ரல் 2025

அண்ணி,

சொல்லிவிட்டேன். அங்கமுத்து மாமாவுக்கு நேற்றே போன் செய்து தெரிவித்துவிட்டேன். தருமலிங்கம் சாட்சி.

நேற்றுக் காலை, நல்ல வெளிச்சத்தில். துண்டுகளை மறுபடி பொருத்துவதற்கு ஆட்கள் வந்து நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு மூக்கில் கை வைத்தேன். வாய் திறந்தால் 'போயிட்டு' என்று ஆரம்பிக்கிறது. பழகிய வாய். இரண்டு மூன்று முறை அப்படியே நின்றுவிட்டேன். ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன். நாயை விரட்டுகிற மாதிரி வந்துவிட்டது அண்ணி. அவரை ஒருநாளும் நான் அப்படிப் பேசியதில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முகத்துவாரம் காட்டியவர். மெதுவாக இன்னொரு முறை சொல்லலாமா என்று பார்த்தேன். தருமலிங்கம், "வேணாம் சார், ஒரு தரம்தான்" என்றார். அவர் ஊரிலும் ஏதோ முறை இருக்கிறது போல.

கூரையைப் பொருத்தியாகிவிட்டது. இன்று மதியம் அதன் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், கூரையில் ஒரு சத்தமும் இல்லை. குழாயடிக்குப் போய் பெஞ்சைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது. ஒரு கிழவர் அதில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி நிறுத்தத்துக்கு வந்தேன். அக்தர் பேகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னா தம்பி, பஸ் லேட்டா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

வெறும் பேருந்து நிறுத்தம், அண்ணி. அங்கே யாரும் இல்லை. இத்தனை நாள் அவர் வருகிறார் என்று பயந்தேன். இப்போதுதான் பயமாக இருக்கிறது.

எதுவும் எங்கேயும் போய்விடுவதில்லை என்று நோட்டீஸில் எழுதிய வரியை அடுத்த அச்சில் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்

*

கோட்டைக்குப்பம்
14 ஏப்ரல் 2025

தமிழுக்கு,

சீட்டு முடிந்தது. வீட்டுக்கு முறை கிடைத்தது. நல்ல பாடுதான், வைகாசியில் வருகிறது. மாமாவின் பிள்ளைகள் என் பங்குக்கு வலை போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மாமா ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. "காலஞ்சென்ற ஆதிநாராயணன் சம்சாரம் ஜமுனா" என்று படித்தார். நான் கையைத் தூக்க வேண்டும். எத்தனை நாளாக இதற்காக உன்னோடு சண்டை போட்டேன், எத்தனை கடுதாசி. கை எழவில்லை. முத்தம்மாள்தான் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்தில் சீட்டையே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டார்கள். படகு தனியாக வந்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை. எல்லோரும் பார்க்க, மண்ணில் விழுந்து அழுதேன். உன்னைத் திட்டினேன். கேட்டு வாங்கின என்னையும் திட்டிக்கொண்டேன். உனக்குக் காது அடைத்திருக்கும்.

நெற்றிப் பொட்டை எடுத்தாயிற்று. ஏரிக்கரைப் பள்ளத்தைப் பிள்ளைகள் மண் போட்டு மூடிக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நான்தான் அங்கே போகும்போது இன்னும் சுற்றிக்கொண்டு போகிறேன்.

யாரும் இல்லை என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான் இருக்கிறது. காலையில் டீ போட்டு இறக்கும்போது வாசலைப் பார்க்கிறேன். ஒருத்தரும் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த நேரம் மட்டும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மற்ற நேரம் சமாளித்துக்கொள்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? கரைக்கு வர உனக்கு இனி என்ன தடை? சனிக்கிழமை ராத்திரியே வந்து தங்கு, ஞாயிறு காலை நான் எழும்போது வீட்டில் ஆள் இருக்கும். பொன்னேரியில் இறங்கினால் நம் பக்கம் வர பஸ் இருக்கிறது. எறா வாங்கி வைக்கிறேன்.

அண்ணி